எடிங்டன் மட்டுமா குற்றவாளி?

ஆர்தர் ஐ. மில்லரின் 'எம்பயர் ஆஃப் தி ஸ்டார்ஸ்' (2005) புத்தகத்தைத் துப்பறியும் நாவல் போலப் படிக்கலாம். இடம்: லண்டன், ராயல் வானியல் சங்கம். தேதி: 1935 ஜனவரி 11. பாதிக்கப்பட்டவர்: நம் மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர், வயசு 24. குற்றவாளி: அன்றைக்கு வானியலின் பெரிய தலையான சர் ஆர்தர் எடிங்டன்.

கேஸ் என்னவென்று பார்ப்போம். நட்சத்திரங்களில் குண்டானவை சீக்கிரம் செத்துப்போகும். சூரியனுக்கு ஆயுள் சுமார் 1,000 கோடி வருஷம். அதைப்போல 25 மடங்கு கனமான நட்சத்திரம் சுமார் 70 லட்சம் வருஷத்தில் நடுப்பகுதியின் ஹைட்ரஜனைத் தீர்த்துவிடும். கையிருப்பு 25 மடங்கு, செலவோ பல்லாயிரம் மடங்கு. பிறகு ஹீலியம், கார்பன் என்று கிடைத்ததையெல்லாம் எரிக்கும். ஒவ்வொன்றும் முந்தினதைவிட வேகமாகத் தீரும். கடைசியில் சிலிக்கான், சுமார் ஒரே நாளில் காலி. மிஞ்சுவது இரும்பு. அதை எரித்தால் சக்தி வராது, கைக்காசுதான் போகும். அடுப்பு அணைந்த இரும்பு உருண்டை ஒரு செகண்டுக்குள் உள்ளே சரிய, மற்றதெல்லாம் வெடித்துச் சிதறும். அதுதான் சூப்பர்நோவா.

எவ்வளவு கனம் சேர்ந்தால் சரியும்? 1930-ல் இங்கிலாந்து போகும் கப்பலில் 19 வயசு சந்திரா போட்ட கணக்கு அதற்கான விடை. எரிந்து முடிந்த நட்சத்திரத்தைத் தாங்கிப் பிடிப்பது எலெக்ட்ரான்கள் நெருங்க மறுக்கும் பிடிவாதம். சூரியனைப்போல 1.4 மடங்குக்கு மேல் போனால் (இது இன்றைய கணக்கு) அந்தப் பிடிவாதம் செல்லாது. இதை அவர் சங்கத்தில் விளக்கிவிட்டு உட்கார்ந்ததும் எடிங்டன் எழுந்தார். நட்சத்திரம் இப்படி அசட்டுத்தனமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்றார். சபை சிரித்தது.

இந்தச் சிரிப்பால் கருந்துளை ஆராய்ச்சி சுமார் 40 வருஷம் தள்ளிப்போனது என்பது மில்லரின் தீர்ப்பு. இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

1934-லேயே பாடே, ஸ்விக்கி இருவரும், சூப்பர்நோவா வெடித்து நியூட்ரான் நட்சத்திரம் பிறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கனமான நட்சத்திரம் நிற்காமல் சரிந்துகொண்டே போகும் என்று ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் எழுதிய கட்டுரை வெளியான தேதி 1939 செப்டம்பர் 1. அன்றுதான் ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தார். பௌதிகக்காரர்கள் பலர் அணுகுண்டு செய்யப் போனார்கள். சூரியன் எப்படி எரிகிறது என்பதே 1930-களின் கடைசியில்தான் தெளிவானது. நியூட்ரான் நட்சத்திரத்தைக் காட்டிக்கொடுத்த பல்ஸார், ரேடியோ டெலஸ்கோப்பில் சிக்கியது 1967-ல். பார்க்கக் கருவி இல்லாத காலத்தின் தாமதத்தை ஒரு மனிதர் தலையில் கட்டினால் கதை விறுவிறுப்பாகும், சரித்திரம் மெலிந்துபோகும்.

எடிங்டன் செய்தது நியாயம் என்று சொல்லவில்லை. தான் சொன்னது தவறு என்று 1944-ல் சாகும்வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு அவரைவிட உறுத்துகிறவர்கள் போரும் பாலியும்தான். சந்திரா சொல்வதே சரி என்று இவர்கள் தனியாக ஒப்புக்கொண்டார்கள். பகிரங்கமாகச் சொல்ல முன்வரவில்லை. பெரியவர் ஒருவர் தப்பாகப் பேசும்போது தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்ளும் வழக்கம் எல்லா ஆபீசிலும் உண்டு. மேதைகளுக்கும் விதிவிலக்கில்லை.

சந்திரா வேறு விஷயங்களுக்குப் போனார், எடிங்டனுடன் நட்பை முறிக்கவில்லை, 1983-ல் நோபல் வாங்கினார். எடிங்டனின் நூற்றாண்டையொட்டி கேம்பிரிட்ஜில் பேச அழைத்தபோது, அவரைத் தன் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் என்றே புகழ்ந்தார். மில்லரின் துப்பறியும் கதைக்குள் சரியாக அடங்காதது இந்தப் பெருந்தன்மைதான். மற்றபடி, புத்தகத்தைத் தாராளமாகப் படிக்கலாம். அந்தக் கால கேம்பிரிட்ஜை அழகாகக் கண்முன் நிறுத்துகிறார்.

ஒரு பின்குறிப்பு. 1987 பிப்ரவரியில், பெரிய மெகல்லனிக் மேகம் என்கிற பக்கத்து காலக்ஸியில் ஒரு குண்டு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. ஒளி கண்ணில் படுவதற்குச் சில மணி நேரம் முன்பே, அதன் நடுப்பகுதி சரிந்ததற்குச் சாட்சியாகச் சுமார் 25 நியூட்ரினோக்கள் நிலத்தடிக் கருவிகளில் சிக்கின. சந்திராவுக்கு அப்போது 76 வயசு. அந்த நட்சத்திரம் இருந்த தூரம் 1,60,000 ஒளி வருஷத்துக்கு மேல். அதாவது லண்டனில் எல்லோரும் சிரித்தபோது அது ஏற்கெனவே சரிந்து முடிந்திருந்தது. சேதி வந்துசேர இன்னும் 52 வருஷம் பாக்கி, அவ்வளவுதான்.