தலைவியும் தலைமையும்

நம் இலக்கியம் பெண்ணின் உழைப்பை என்றும் மறைத்ததில்லை. உப்பு விற்கும் உமணர் மகளையும் நூல் நூற்கும் பருத்திப் பெண்டையும் சங்கப் பாடல்களில் காண்கிறோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரையும் காண்கிறோம். ஆயினும், அகத்திணை மரபில் பொருள் தேடிப் பிரிபவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. அம்மரபில் ‘தலைவி’ என்னும் சொல் காத்திருப்பவளையே குறித்தது. பிறரை நடத்துபவளைக் குறிக்கவில்லை.

இம்மரபின் நிழல் மலேசியத் தமிழ்ச் சிறுகதையிலும் படிந்துள்ளது. விடியுமுன் பிரட்டுக்குச் செல்பவள், மரம் சீவுபவள், பால் வாளி சுமப்பவள், வீடு திரும்பி உலை வைப்பவள் எனத் தோட்டப் பெண்ணை நம் எழுத்தாளர்கள் உருக்கமாக வரைந்துள்ளனர். அத்துயரம் மெய்யானதே. போருக்கு முந்திய மலாயாத் தோட்டங்களில் அவளுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே விதிக்கப்பட்டிருந்தது. கங்காணியும் கிராணியும் துரையும் ஆண்களே. ஆனால், அவள் பட்டதை எழுதுவதோடு எழுத்தாளர் கடமை முடிந்துவிடுமா?

வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சிராணிப் படை அமைந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் சென்று படைப்பயிற்சி பெற்றனர். அப்படையில் பொறுப்பு வகித்த ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரானார். பெண்களிடம் ஆற்றல் இருந்தது. அதற்குரிய இடந்தான் தோட்டத்தில் இல்லை.

இன்று அவ்விடம் விதியாலேனும் திறக்கப்படுகிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொன்றின் இயக்குநர் குழுவிலும் பெண் ஒருவரேனும் இடம்பெற வேண்டுமென மலேசியப் பங்குச் சந்தை 2022இல் அறிவித்தது. நிறுவன ஆளுமை நெறிமுறையோ 30 விழுக்காட்டைப் பரிந்துரைக்கிறது. ஒருவர் என்பது தொடக்கமே. பலர் நடுவே தனித்து அமரும் பெண் வெறும் எண்ணிக்கையாகவும் நின்றுவிடக்கூடும். அவள் சொல்லால் தீர்மானம் மாறுகிறதா என்பதே உரைகல்.

அவ்வுரைகல்லில் நம் கதைகளையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும். பெண்ணை மேலாளராக்கும் கதையும், இறுதியில் அவளைக் குடும்பம் மறந்தவளாகக் காட்டித் திருத்தி முடிக்குமாயின், அது பழைய கதையே. மேலாளராக வரும் ஆணை எக்கதையேனும் அவ்வாறு திருத்துகிறதா?

சிறுகதை பயிற்றும் ஆசிரியர்கள், பெண் எவ்வளவு துன்புற்றாள் என்று கேட்பதோடு, கதையில் முடிவெடுப்பவர் யார் என்றும் மாணவரைக் கேட்கவேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவருள் ஒருவர் நாளை எழுதும் கதையில், தலைவி காத்திராமல் நடத்துபவளாக வரக்கூடும்.