கதையைக் கடைசியில் கேளுங்கள்: பழைய ரிவால்வரை மதிப்பிட்டு ரசிக்கும் வழி

2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பான்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது. 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில், ஷெரிஃப் பாட் காரெட் ‘பில்லி த கிட்’ என்ற பேர்பெற்ற சட்டவிரோதியைச் சுட்டுக் கொன்றது இதைக் கொண்டுதான். ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ எனப்படும் இதே ரகத்தை கோல்ட் நிறுவனம் 1873-இல் தொடங்கி இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை மூன்றரை லட்சத்துக்கும் மேல் செய்து விற்றது. அதே வயதும் அதே தேய்மானமும் உள்ள இன்னொன்று சில ஆயிரம் டாலருக்குக் கிடைத்துவிடும். இரும்பிலும் வேலைப்பாட்டிலும் இரண்டுக்கும் பேதம் இல்லை. ஒரு ரிவால்வர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது, அதில் எவ்வளவை நிரூபிக்க முடிகிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. பழைய ரிவால்வரை ரசிப்பது என்பதும் இந்தச் சான்றுகளைப் படிக்கக் கற்பதுதான்.

முதல் சான்று மேற்பரப்பு. அந்தக் கால கோல்டின் நடு உடலை எலும்புத்தூளும் கரியும் நிரப்பிய பெட்டியில் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, நீரில் குளிர்விப்பார்கள். அதனால் இரும்பின் மேல் நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் கலந்த வண்ணங்கள் படரும். குழலுக்கும் தோட்டா உருளைக்கும் கருநீலப் பூச்சு ஏற்றுவார்கள். இவை கைபட்டும் வெளிச்சம் பட்டும் மெல்ல மங்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்காது. தோலுறையில் உரசும் குழல் முனையும், உள்ளங்கை அழுத்தும் பிடியின் பின்புறமும் முதலில் வெளுக்கும். உருளையின் பள்ளங்களிலும், குழலை ஒட்டிய இடுக்குகளிலும் பழைய நீலம் தங்கியிருக்கும். தேய்மானம் இந்த ஒழுங்கில் இருந்தால் அது நம்பத்தக்கது. ஒழுங்கு மாறியிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். சக்கரத்தில் வைத்து மெருகேற்றிய துப்பாக்கியில் கூரான விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்துகள் ஆழம் குறையும், திருகுத் துளைகளின் ஓரம் குழிந்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கி மகிழ்வது நம் வழக்கம். அந்தப் பழக்கத்தோடு பழைய ரிவால்வரைத் தொட்டால் ஒரே மாலையில் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

இரண்டாவது சான்று எண்களும் முத்திரைகளும். தொடக்க கால சிங்கிள் ஆக்‌ஷனில் நடு உடல், விசைக் காப்பு, பிடியின் பின்பட்டை ஆகியவற்றில் ஒரே வரிசை எண் இருக்கும். அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தவற்றில் பரிசோதகரின் பெயரெழுத்துகளும் இருக்கும். இவற்றை கோல்ட் நிறுவனத்தின் பழைய பேரேட்டோடு ஒப்பிடலாம். எந்தத் தேதியில், எந்த அளவுக் குழலோடு, என்ன பூச்சோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று நிறுவனமே கடிதமாகத் தருகிறது. எண்கள் ஒத்துப்போனால் விலை ஏறும், கலந்திருந்தால் இறங்கும் என்பது பொது விதி. இந்த விதி எப்போதும் செல்லுமா என்று கேட்கலாம். செல்லாது. 1890-களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க அரசு குதிரைப்படையின் பழைய ரிவால்வர்களைத் திரும்பப் பெற்று, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரையாக வெட்டி, பாகங்களைக் கலந்து பூட்டி மறுபடி படைக்கு அளித்தது. சேகரிப்பாளர்கள் ‘ஆர்ட்டிலரி’ என்று அழைக்கும் இந்த வகையில் எண்கள் கலந்திருப்பதுதான் இயல்பு. எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் கூடுதலாக ஆராய வேண்டும். ஆகவே எண்களின் ஒற்றுமையைத் தனியாக மதிப்பிடக் கூடாது. துப்பாக்கியின் வரலாறு எதைக் கோருகிறதோ அது அதில் இருக்கிறதா என்பதே கேள்வி.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது அரிய தன்மை. 1847-இன் கோல்ட் வாக்கர் ரிவால்வர் ஏறக்குறைய 1,100 மட்டுமே செய்யப்பட்டது. அவற்றில் 1,000 ராணுவத்துக்குப் போயின. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் இருந்த முதல் தொழிற்சாலை நொடித்துப்போனதால், நிறுவனர் சாமுவேல் கோல்ட் கனெக்டிகட்டில் இருந்த விட்னி என்பவரின் பட்டறையில் இதைச் செய்வித்தார். இரண்டு கிலோ எடையுள்ள இந்தத் துப்பாக்கிதான் அவருடைய தொழிலை மீட்டெடுத்தது. 2018-இல் ராக் ஐலண்ட் ஏலத்தில், தன் பழைய பெட்டியோடு வந்த ஒரு வாக்கர் 18 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் இந்த விலையைத் தந்துவிடாது. குறைவாகச் செய்யப்பட்டு, யாரும் தேடாமல் கிடக்கும் ரகங்கள் ஏராளம். ஒரு தொழிலின் திருப்புமுனைக்கு வாக்கர் நேரடிச் சாட்சி என்பதால்தான் அதன் அரிய தன்மைக்குப் பொருள் இருக்கிறது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே என்பது அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்லும் அறிவுரை. அப்படியானால் காரெட்டின் துப்பாக்கிக்கு 60 லட்சம் டாலர் எதற்கு? அது கதைக்குக் கொடுத்த விலை அல்லவா? இதற்கு விடை தேட, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ரிவால்வர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே ரகம். 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் கவிஞர் பால் வெர்லேன் அன்றே வாங்கிய ஒன்றால் சக கவிஞர் ஆர்தர் ரேம்போவின் மணிக்கட்டில் சுட்டார், சிறைக்கும் போனார். அந்தத் துப்பாக்கியின் வரிசை எண் விற்ற கடையின் பதிவேட்டில் இருந்தது. 2016-இல் பாரிஸ் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 4,34,500 யூரோவுக்குப் போனது. மற்றொன்று பிரான்சின் ஓவர் சூர் வாஸ் கிராமத்து வயலில் 1960-களில் உழவர் ஒருவருக்கு அகப்பட்டது. ஓவியர் வான்கோ 1890-இல் தன்னைச் சுட்டுக்கொண்டது அந்தப் பகுதி வயலில்தான். அவர்மேல் பாய்ந்த தோட்டாவின் அளவு இதற்குப் பொருந்துகிறது. துருவும் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்ததைக் காட்டுகிறது. ஆனால் இதுதான் அந்தத் துப்பாக்கி என்று உறுதிசெய்யும் பதிவு இல்லை. 2019-இல் அது 1,62,500 யூரோவுக்கு விற்றது. வெர்லேனைவிட வான்கோவை உலகம் பல மடங்கு அறியும். அப்படியிருந்தும் விலை பாதிக்கும் கீழே. ஏலம் என்றால் வேறு காரணங்களும் இருக்கும் என்றாலும், புகழால் ஈடுகட்ட முடியாத குறை ஒன்று சான்றில் இருந்தது தெரிகிறது. காரெட்டின் துப்பாக்கியை அவருடைய மனைவி 1930-களில் எல் பாசோவில் வழக்காடி மீட்ட வரலாறு உண்டு. அங்கே விலை கொடுத்தது கதைக்குத்தான், ஆனால் நிரூபணமான கதைக்கு.

கொலைக்கருவியை ரசிப்பது முறையா என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. வாக்கரின் உருளையில் டெக்சஸ் ரேஞ்சர்கள் கொமான்சி மக்களோடு பொருதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. யாரை எதிர்த்த சண்டையை அது கொண்டாடுகிறது என்பதை அதுவே அறிவிக்கிறது. அதை மறைத்துவிட்டு வேலைப்பாட்டை மட்டும் புகழ்பவர் சான்றில் பாதியைப் படிக்காமல் விட்டவர். முழுமையாகப் படிப்பவருக்கு ரசனையும் துயரமும் சேர்ந்தே வரும், வரவும் வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் அறிய வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழமை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். எனவே தாத்தாவின் பெட்டியில் ஒன்று கிடைத்தால் விலை விசாரிக்கும் முன் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் தெரிவிப்பதே முறை.

அருங்காட்சியகத்திலோ ஏலப் பட்டியலிலோ ஒரு பழைய ரிவால்வரைப் பார்த்தால், முதலில் மேற்பரப்பைப் பாருங்கள், அடுத்து எண்களை, அதன்பின் பதிவேட்டை. கதையைக் கடைசியில் கேளுங்கள். இரும்பும் ஏடும் சொன்னதோடு அது ஒத்துப்போனால் முழு மனதோடு நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால், விற்பவர் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தர வேண்டியதில்லை.