சாவி கொடுத்தால் ஓடும் ஜனதா

கைக்கடிகாரம் சேர்ப்பவர்கள் கூடினால், புதிதாக வாங்கியதைக் கழற்றிக் கைமாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அங்கே சுவிஸ், ஜப்பான் என்று எது வந்தாலும் சரி, எச்.எம்.டி. ஜனதாவைக் கண்டால் என் கை தானாக நீளும்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது எச்.எம்.டி. அங்கே பிறந்த ஜனதாவுக்கு பேட்டரி கிடையாது. பக்கவாட்டுக் குமிழைத் திருகிச் சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். அது மெல்லத் தளரும் விசையில் ஒரு நாளுக்கு மேல் ஓடும். தேய்மானத்தைத் தடுக்க 17 செயற்கைக் கெம்புக் கற்கள். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. குவார்ட்ஸ் வாட்சின் நொடிமுள் நொடிக்கொரு தாவலாகப் போகும். இதிலோ பொடி அடி வைத்து வழுக்கிக்கொண்டு போகும்.

பழையதை வாங்கும்போது டயலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மறுபடி பெயிண்ட் அடித்ததில் எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் பிசகியிருக்கும். பளபளக்கும் அந்த டயலைவிட, வயதேறி லேசாக மஞ்சள் பூத்த அசல் டயலே அழகு.

எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனாலும் பிரித்துச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டால் பழைய ஜனதா இன்றும் நன்றாக ஓடுகிறது. பழுது பார்த்துப் பயன்படுத்தவென்றே செய்த பொருள் அது. சேகரிப்பைத் தொடங்குபவர்களுக்கு முதலில் நான் சொல்லும் பெயரும் அதுதான்.