நினைவகமே திரையாகும் நுட்பம்

கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1950-களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்ட, இந்தியாவின் முதல் எண்மக் கணினியான ஹெச்.இ.சி.-2எம், துளையட்டைகளின் வழியே தரவைப் பெற்றது; வரைகலைத் திரையுடன் கூடிய பணிநிலையக் கணினிகள் பரவியதோ 1980-களில்தான். அவ்வகைக் கணினிகளுக்காகச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஜிஎக்ஸ் வரைகலை அட்டைக்கென லினக்ஸ் இயங்குதளத்தில் எழுதப்பட்ட சிஜி6 இயக்கி (வன்பொருளை இயங்குதளத்துடன் இணைக்கும் நிரல்), சிக்கனமான கைவினைக்கு நல்ல சான்று.

திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரிடம் ஒதுக்கிய நினைவகப் பகுதியே ஃபிரேம் பஃபர் எனப்படும். 1152×900 புள்ளிகள் கொண்ட திரையில், புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 10,36,800 பைட்டுகள் தேவைப்படும். அந்த ஒரு பைட் நிறத்தையே சுமக்காமல், 256 நிறங்கள் அடங்கிய அட்டவணையில் ஒன்றின் எண்ணை மட்டும் சுட்டுவதால் இடம் மிச்சமாகிறது. வரிசை எண்ணை 1152-ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணைக் கூட்டினால் புள்ளியின் இருப்பிடம் கிடைத்துவிடும்.

இயக்கியின் நயம் வேலைப் பங்கீட்டில் தெரிகிறது: செவ்வகத்தை நிரப்புதல், எழுத்துகள் மேலேறும்போது திரைப்பகுதியை நகலெடுத்தல் ஆகியவற்றை அட்டையிடமே ஒப்படைத்துவிட்டு, அது ஓய்ந்ததா என்பதை நிலைப் பதிவகத்தில் பார்த்த பின்னரே நினைவகத்தை நேரடியாகத் தொட அனுமதிக்கிறது. வன்பொருளின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேர மதிக்கும் இப்பண்பே நல்ல இயக்கியின் இலக்கணம்.