மோஸ்பியின் பையன்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்ற ஜான் மோஸ்பியின் குதிரைப்படைக்கு முகாம் கிடையாது. வர்ஜீனியாவின் லௌடன், ஃபாக்கியர் பகுதிகளில் ஊரார் வீடுகளில் தங்குவார்கள். அழைப்பு வந்தால் கூடுவார்கள், வடக்குப் படையின் வண்டிகளைத் தாக்கிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அதில் பதின்வயதுப் பையன்கள் ஏராளம். மோஸ்பி அவர்களை விரும்பியே சேர்த்தார்.

போர்த்திறனை மட்டும் பார்த்தால் அவர் கணக்கு தப்பில்லை. கட்டாய ஆள்சேர்ப்பு 18 வயதுக்காரர்களை வழக்கமான படைக்கு வாரிக்கொண்டது; 1864 பிப்ரவரியில் 17 வயதும் கட்டாயச் சேர்ப்பு வரம்புக்குள் வந்தது. மிஞ்சியவர்கள் சிறுவர்கள். உள்ளூர்ப் பையனுக்கு ஒற்றையடிப் பாதையும் ஓடைத்துறையும் அத்துப்படி, சேணமும் பழக்கம். வாள் வீச வலுவான கை வேண்டும். மோஸ்பியோ வாளை ஒதுக்கிவிட்டு ரிவால்வர்களை நம்பினார். அதிரடியும் வேகமும் பலன் தரும் என்பதை 1863 மார்ச் 9 இரவிலேயே காட்டியிருந்தார்: 29 பேருடன் ஃபேர்ஃபாக்ஸுக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த வடக்குப் படையின் ஜெனரல் ஸ்டவ்டனையும் 58 குதிரைகளையும் பிடித்துவந்தார்.

கோளாறு அந்தக் குதிரையில்தான் தொடங்கியது. தென்னகக் குதிரைப்படையில் சேருபவன் சொந்தக் குதிரையோடு வர வேண்டும். மோஸ்பியின் ஆட்களோ எதிரியிடம் பறித்ததைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். வசதியில்லாத பையனுக்கு இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியாது.

ஃப்ரண்ட் ராயல் ஊரின் ஹென்றி ரோட்ஸுக்கு வயது 17. 1864 செப்டம்பர் 23 அன்று பக்கத்து வீட்டுக் குதிரையை இரவல் வாங்கி, தனக்கென ஒரு குதிரை பிடிக்கும் நினைப்பில் தாக்குதலில் கலந்துகொண்டான். இரவல் குதிரை களைத்து நின்றது, பிடிபட்டான். மோஸ்பியின் ஆட்களை விசாரணையின்றித் தூக்கிலிடலாம் என்று வடக்குப் படைத் தலைவர் கிராண்ட் ஆகஸ்ட்டிலேயே எழுதியிருந்தார். தாய் கதறக் கதற, இரண்டு குதிரைவீரர்கள் பையனைச் சொந்த ஊர்த் தெரு வழியாக இழுத்துப்போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு வயலில் சுட்டுக் கொன்றார்கள். அன்று கொல்லப்பட்ட ஆறு பேரில் அவனும் ஒருவன். சுட்டவர்களின் குற்றம் சுட்டவர்களுடையதுதான். ஆனால் முகாமும் முறையான பயிற்சியும் இல்லாத போர்முறைதான், ஒரே நாள் ஆசையில் வந்தவனையும் அந்த ஆணைக்கு இலக்காக்கியது. அதுவும் எதற்காக? அடிமைமுறையே போருக்குக் காரணம் என்று மோஸ்பியே பிற்காலத்தில் எழுதினார்.

நவம்பர் 6 அன்று அவர் பழிவாங்கினார். வடக்குப் படைக் கைதிகள் 27 பேர் சீட்டெடுக்க, ஏழு பேருக்கு மரணச் சீட்டு. அதில் ஒன்று முரசடிக்கும் சிறுவனின் கையில் விழுந்தது. மோஸ்பி அவனை விடுவித்து, அவனிடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்க மறுபடி சீட்டெடுக்க வைத்தார். எதிரியின் பையனைக் கண்டதும் வயதைப் பார்க்கத் தெரிந்தவர், தன் படைக்கு மட்டும் அந்த வரம்பை வைக்கவில்லை. 1865 ஏப்ரல் 21 அன்று சேலம் என்ற ஊரில் படையைக் கலைத்தபோதும் அணியில் பையன்கள் நின்றிருந்தார்கள்.