மினெட் டி சில்வாவின் முதல் வீடு

மினெட் டி சில்வாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறார்கள். 1947, இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் நவீன கட்டடக் கலைஞர்களின் மாநாடு. கோட்டு அணிந்த ஆண்கள் நடுவே சேலையில் அவர். அடுத்த வரியிலேயே லெ கொர்பூசியே வந்துவிடுவார். நட்பா காதலா என்ற ஆராய்ச்சி முடிவதற்குள் அவர் என்ன கட்டினார் என்பதே மறந்துபோகிறது.

பம்பாயில் படிக்கும்போது காந்தியின் கைதை எதிர்த்த போராட்டத்தில் கலந்துகொண்டு கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் மினெட். பிறகு லண்டனில் படித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்ணானார். இத்தனைக்குப் பிறகும், ஊர் திரும்பியவருக்கு அலுவலகமாக அமைந்தது கண்டியில் பெற்றோரின் வீடுதான்.

முதல் வேலையும் பெற்றோரின் நண்பர்களிடமிருந்தே வந்தது. 1951இல் முடிந்த கருணாரத்ன வீடு மலைச்சரிவோடு சேர்ந்து தளம் தளமாக இறங்குகிறது. கொங்கிறீட்டோடு சுட்ட மண் ஓடுகள், அரக்கு வேலை, தும்பறைப் பாய் நெசவு, ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியம். இவற்றை அலங்காரம் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களுக்குக் கட்டடத்தின் வழியாகக் கூலி கொடுக்கும் திட்டமாகவே மினெட் இவற்றைப் பார்த்தார். தும்பறை நெசவாளர்களோ கண்டிச் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட கின்னர சமூகத்தினர். மினெட்டைக் கொண்டாடும் கட்டுரைகளிலும் அவர்கள் 'மரபு' என்ற ஒற்றைச் சொல்லாகவே வருகிறார்கள்.

அவருக்கு வேலைகள் குறைவாக வந்ததற்குப் பிடிவாத குணத்தைக் காரணம் சொல்வது வழக்கம். (ஆண் மேதைகளின் பிடிவாதத்துக்கு நம்மிடம் வேறு சொற்கள் உண்டு.) அவர் தன் நூலில் சொல்லும் காரணம் வேறு: ஆண் பங்காளி இல்லாமல் தனியே தொழில் நடத்திய பெண்ணை ஒப்பந்தக்காரர்களும் வியாபாரிகளும் அரசும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1950களில் கொழும்பில் அவர் கட்டிய பீரிஸ் வீட்டில் தூண்கள்மேல் உயர்த்திய தளமும் முற்றமும் இருந்தன. ஆனாலும் நவீன முற்ற வீடு என்றதும் நினைவுக்கு வருவது ஜெஃப்ரி பாவாவின் பெயர்தான்.

தாய் ஆக்னஸ், தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று டொனமூர் ஆணைக்குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று பதில் சொன்னவர். மகள், வட்டபுலுவக் குடியிருப்பை வடிவமைக்கும்முன், குடிவரப்போகும் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டார்.