நாகர் மலையும் குரலற்ற மாந்தரும்

மனிதன் மனிதனைத் தின்னும் கதை அச்சமூட்டுதல் இயல்பு. அவ்வச்சம் எங்கிருந்து பிறக்கின்றது? குருதியிலிருந்தா, எலும்புக் குவியலிலிருந்தா? சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையையும், அர்ஜென்டினா நாட்டு எழுத்தாளர் அகுஸ்தினா பாஸ்தெரிகா 2017இல் இசுபானிய மொழியில் வெளியிட்ட புதினத்தையும் ஒருங்கே படிப்போர்க்கு வேறொரு விடை கிட்டும்.

ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலம் உடைந்து கரையேறிய சாதுவன் மரநிழலில் அயர்ந்து துயில்கிறான். ஊன் பொருந்திய இவ்வுடல் நமக்கு நல்லுணவு என்று நாகர் அவனை எழுப்புகின்றனர். அவர்தம் மொழியை நன்கு கற்றவனாதலின், அவன் வாய் திறந்து பேசுகிறான். அவ்வளவே, உணவாயிருந்தவன் விருந்தினன் ஆகிவிடுகிறான். நாகர் தலைவன் அவனுக்கு இளநங்கையையும் கள்ளையும் ஊனையும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மூன்றையும் மறுக்கிறான்.

பாஸ்தெரிகா படைத்த உலகில், விலங்குகளின் இறைச்சி நோயால் நஞ்சாயிற்று என அரசு அறிவிக்கின்றது; மனிதரைப் பண்ணையில் வளர்த்து அறுப்பது சட்டமாகின்றது. அவர்களை மனிதர் என்று சொல்லுதல் கூடாது. ‘தலை’ என்று எண்ணுவர். அவர்தம் ஊனைச் ‘சிறப்பு இறைச்சி’ என்பர். குரல்நாண்களையும் அகற்றிவிடுவர். இறைச்சிக்கூடத்தில் பணிபுரியும் மார்க்கோஸ், தனக்குப் பரிசாக வந்த பெண்ணை ஏற்று, மல்லிகையின் பெயரை இட்டுப் பேணுகிறான். இறுதியில் அவளைக் கொல்பவனும் அவனே. சாதுவன் மறுத்ததை மார்க்கோஸ் ஏற்றான். அவளுக்குப் பெயர் கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை.

ஆகவே, உண்போனுக்கும் உண்ணப்படுவோனுக்கும் இடையே மொழி அறுபடும் இடமே அச்சத்தின் ஊற்று என்பது என் துணிபு. விலங்குக்கு நம் மொழி என்றுமே இருந்ததில்லையே எனச் சிலர் வினவலாம். வள்ளுவர் புலால் மறுத்தலில் ஊனைப் பிறிதோர் உயிரின் புண் என்று காட்டி, அவ்வாயில்லா உயிருக்கும் ஒரு சொல் வழங்கினார். நாமோ, மிளகைக் குறித்த ‘கறி’ என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு அப்புண்ணை மூடிவிட்டோம்.

புதினத்தின் ஆற்றல் பெரிது. எனினும் அதில் மீளும் வழி இல்லை. சாத்தனார் வழி காட்டுகிறார். கள்ளும் ஊனும் இன்றி எங்களால் உயிர்வாழ இயலாது என்கிறான் தலைவன். கலமுடைந்து வருவோரைக் கொல்லாது காமின். மூப்பால் இறந்த விலங்கையன்றி எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதீர் என்கிறான் சாதுவன். இஃது அரைகுறை அறம் என்பாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். கேட்போனால் கைக்கொள்ள இயலும் அறமே அவனைத் திருத்தும்.

வகுப்பில் இக்காதையை ஆதிரையின் கற்புக்குச் சான்றாக மட்டும் நடத்தி முடித்துவிடுகிறோம். ஆசிரியர்கள் சாதுவனின் நாவையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். தன்னுயிர் தப்பியதும் அவன் வாய் மூடவில்லை. பேச இயலாத உயிர்களுக்காகவும் பேசினான். மொழி கற்றதன் பயன் அதுவேயன்றோ?